ஊர்த் திருவிழாவைப் படிப்பது எப்படி: வரி நோட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வோர் ஆண்டும் தை பிறந்ததும் மாணவர்கள் என் வீட்டுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இது மட்டும் ஓயவில்லை. கையில் ‘சமூகத்தில் மதத்தின் பங்கு’ என்று ஒரு தலைப்பு இருக்கும். ஏதாவது ஓர் ஊரை எடுத்துச் செய்துகொண்டு வா என்று வழிகாட்டி அனுப்பியிருப்பார். வருகிறவர்களிடம் முதல் அத்தியாயம் ஏற்கெனவே தயார். சமூகவியலின் முன்னோடிகள் மூவரும் அதில் இருப்பார்கள்: துர்கைம் இப்படிச் சொன்னார், மார்க்ஸ் அப்படிச் சொன்னார், வெபர் வேறு மாதிரி சொன்னார். இரண்டாம் அத்தியாயம் தலவரலாறு. மூன்றாவது, ஐம்பது பேரிடம் ‘வாரத்தில் எத்தனை முறை கோயிலுக்குப் போவீர்கள்?’ என்று கேட்டு எடுத்த அட்டவணை. முதல் அத்தியாயமும் மூன்றாம் அத்தியாயமும் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி மாதிரி, ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும்.

அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுத் திண்ணையில் வைத்து நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணம் எங்கள் ஊர் மாரியம்மன் பங்குனிப் பொங்கல். மதுரைக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை ஊர். பெயர் வேண்டாம், ஏன் என்பது பின்னால் வரும்.

முதல் வேலை: ‘ஊர்’ என்றால் யார்?

1993-ல் நான் எழுதிய முதல் கட்டுரையில் ‘திருவிழாவின்போது ஊரே ஒன்றாகக் கூடுகிறது’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. துர்கைமைப் படித்த சூட்டில் எழுதியது. அதை வகுப்பில் கொஞ்சம் பெருமையோடு வாசித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “எந்த ஊர், மேடம்?” என்று கேட்டான். பெயரைக் கேட்கிறான் என்று நினைத்துச் சொன்னேன். “பெயர் தெரியும், மேடம். நான் அந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், காலனி. நீங்கள் சொல்கிற ஊரில் நாங்களும் உண்டா என்றுதான் கேட்டேன்” என்றான்.

அந்த மணிநேரத்தை வேறு ஏதோ பேசி ஒப்பேற்றினேன். சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அப்பா பதினோரு ஆண்டுகள் கோயில் கணக்கு எழுதியவர். பழைய நோட்டுகளை அவர் எடைக்குப் போட்டதில்லை.

1971-ஆம் ஆண்டு நோட்டு கைக்கு வந்தது. நீளமான பேரேடு, சிவப்புக் காலிகோ அட்டை. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவே பிள்ளையார் சுழி, அதன்கீழ் ‘மாரியம்மன் துணை’. அடுத்த பக்கத்திலிருந்து தெருவாரியாகப் பெயர்கள். தலைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் வரி, மொத்தம் 187 தலைக்கட்டு. சில பெயர்களுக்கு எதிரே ‘பாக்கி’. சில பெயர்களுக்கு எதிரே ‘அரை’. காலனியில் அப்போதே அறுபது வீடுகளுக்குக் குறையாது. அங்கிருந்து ஒரு பெயர் கூட இல்லை.

ஏழைகள் என்று விட்டிருப்பார்கள் போலும் என எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “அவர்களிடம் வரி வாங்கினால் பிரசாதத்தை வரிசைப்படி கொடுக்க வேண்டி வருமே அம்மா” என்றார், தடவுவதை நிறுத்தாமலேயே.

அவர் பொல்லாத மனிதர் இல்லை. அதனால்தான் அந்தப் பதில் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. வரி கொடுப்பதைச் சுமை என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். கோயில் வரி அப்படியல்ல, அது பாத்தியதை. வரி கொடுத்தவனுக்குக் கூட்டத்தில் பேச்சு உண்டு, திருநீற்றில் முறை உண்டு, வெட்டிய கிடாயில் பங்கு உண்டு. யாருக்குப் பங்கு கொடுக்க விருப்பமில்லையோ அவனிடம் பணம் வாங்க மாட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணிநேரத்தில் மீனாட்சியம்மன் கோயில். 1939 ஜூலை 8 அன்று காந்தியவாதியான வைத்தியநாத ஐயர், நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த மக்களில் சிலரை அழைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் போனார். அதையொட்டி ஒரு சட்டம் வந்தது. 1947-ல் சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அந்தச் சட்டங்கள் வாசலைப் பற்றியவை. அப்பாவின் தகரப் பெட்டி வரைக்கும் அவை வந்து சேரவில்லை.

ஆகவே நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும், கோட்பாட்டைப் பையில் வைத்துவிட்டு முதலில் இதைக் கண்டுபிடியுங்கள்: யாரிடம் வரி கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதில்லை, யாரிடம் பாதி வாங்குகிறார்கள்? தலைக்கட்டு என்றால் பெரும்பாலும் கல்யாணமான ஆண். பையனுக்குத் தாலி கட்டிய மறு ஆண்டே நோட்டில் தனிப்பெயர் ஏறிவிடும். எங்கள் ஊரில் கணவனை இழந்தவர்களுக்கு அரை வரி. அந்த ‘அரை’யை இரக்கம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அரை வரி கொடுத்தவர் கூட்டத்தில் அரை வார்த்தை பேசிக்கூட நான் பார்த்ததில்லை.

என் கதை இன்னும் வேடிக்கை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிச் சம்பளம் வாங்கிய காலத்திலும் சரி, இன்றும் சரி, நான் தலைக்கட்டு இல்லை. என் தம்பி எட்டு ஆண்டுகள் வேலையில்லாமல் இருந்தான்; அவனுடைய வரியை நான்தான் கொடுத்தேன்; நோட்டில் அவன் பெயர். ஒருமுறை பிடிவாதமாக, என் பெயரிலேயே வரி எழுதுங்கள் என்றேன். கணக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டே பத்தாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, ‘நன்கொடை’ என்று வேறு பக்கத்தில் எழுதினார். மைக்செட்டில் என் பெயரை மூன்று முறை வாசித்தார்கள். வரிப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை.

நோட்டைப் பார்ப்பது எப்படி

போன முதல் நாளே ‘கணக்கு நோட்டைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் உங்களை வருமான வரிக்காரர் என்றோ, எதிர்க்கட்சி ஆள் என்றோ நினைத்துவிடுவார்கள். வயதான கணக்குப் பிள்ளையிடம், “உங்கள் அப்பா காலத்தில் எவ்வளவு வரி, தாத்தா?” என்று தொடங்குங்கள். விலைவாசியைப் பற்றிப் பேசுவார். கிடா விலை வரும், மேளத்துக்குக் கொடுத்த கூலி வரும். மூன்றாவது நாள் அவரே நோட்டை எடுத்துவந்து, “நான் சொன்னால் நம்ப மாட்டாய், நீயே பார்” என்பார். படம் எடுக்காதீர்கள். பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டாம். தெரு, எண்ணிக்கை, முழு வரி, அரை வரி, பாக்கி, இந்த அளவு போதும்.

போக வேண்டிய நாள்களையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பொங்கல் வைக்கும் நாளில் போய், கூட்டத்தில் மிதிபட்டு, ஐம்பது படத்தோடு திரும்புகிறார்கள். அன்று போகாவிட்டால் கூடக் குற்றமில்லை. கட்டாயம் இருக்க வேண்டியவை மூன்று இரவுகள். திருவிழாவைச் சாட்டுவதற்கு, அதாவது ஊருக்கு அறிவிப்பதற்கு, முன் நடக்கும் ஊர்க்கூட்டம் ஒன்று. சாட்டுகிற செவ்வாய்க்கிழமை இரவு ஒன்று. எல்லாம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து நடக்கும் கணக்கு முடிப்பு மூன்றாவது. அந்தக் கடைசிக் கூட்டத்துக்குப் போன மாணவர் என் அனுபவத்தில் நான்கு பேர்தான். மற்றவர்கள் அதற்குள் தட்டச்சுக்குக் கொடுத்திருப்பார்கள்.

துர்கைமோடு தெருவில் நடப்பது

எமில் துர்கைம் 1912-ல் எழுதிய பெரிய புத்தகம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மதத்தைப் பற்றியது. மனிதர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. மற்றவர்கள் எழுதிய களக்குறிப்புகளைப் பாரிசில் உட்கார்ந்து படித்தார். ஆனாலும் ஒரு பெரிய விஷயத்தைப் பிடித்தார். தெய்வத்தின் முன்னால் கூடும்போது மனிதர்கள் தங்களைவிடப் பெரிய ஒன்றை உடம்பால் உணர்கிறார்கள். அந்தப் பெரியது அவர்கள் சேர்ந்திருக்கும் சமூகமேதான். உலகத்தைப் புனிதம் என்றும் சாதாரணம் என்றும் இரண்டாக வகுப்பதுதான் மதத்தின் அடிப்படை வேலை என்றும் சொன்னார்.

இதைப் பரிசோதிக்கக் கேள்வித்தாள் வேண்டாம், மூக்கு போதும். எங்கள் ஊரில் காப்புக் கட்டியதிலிருந்து பொங்கல் வரை எட்டு நாள் தாளிக்கக் கூடாது. மாலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் போனாலும் கடுகு, கறிவேப்பிலை வாசனை வரும் ஊர் இது. காப்புக் கட்டிய மறுநாள் அதே தெருவில் நடந்து பாருங்கள்: வேப்பிலை, மஞ்சள், சாணம். வாசனையே நாள்காட்டியாக மாறிவிடும். வெளியூரில் இரவு தங்கக் கூடாது, கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, கடன் வசூலுக்குப் போகக் கூடாது. இந்தக் ‘கூடாது’களை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். எதிரே, அதை யார் மீறினார்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். சென்ற முறை ஒரு வீட்டில் புது மருமகள் தெரியாமல் தாளித்துவிட்டாள். அபராதம் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் வந்து வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அரட்டி, பிறகு சிரித்து, அவளையும் முளைப்பாரி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த அரைமணிநேரத்தில் அவள் எங்கள் ஊர்ப் பெண் ஆனாள். துர்கைம் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கரகம் கண்மாயிலிருந்து புறப்படும் இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேளம் கதி மாறுகிற ஒரு நொடி உண்டு. அதுவரை ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்த கூட்டம் ஒரே நேரத்தில் வாயை மூடும். பிறகு குலவைச் சத்தம். முப்பது ஆண்டுகளாகக் குறிப்பு எடுக்கத்தான் போகிறேன். அந்த நொடியில் ஒரு முறை கூட என் பேனா ஓடியதில்லை. உங்களுக்கும் உடம்பு சிலிர்த்தால் வெட்கப்பட வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று பிறகு எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் தரவுதான்.

ஆனால் உடனே தலையைத் திருப்பி, அந்தக் குலவை எந்தத் திசையிலிருந்து வரவில்லை என்று பாருங்கள். கரகம் போகும் பாதையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். எங்கே திரும்புகிறது? ஏன் அங்கேயே திரும்ப வேண்டும்? எங்கள் ஊரில் அது வாய்க்கால் பாலத்துக்கு இப்பால் திரும்பிவிடும். ‘பாதை குறுகல்’ என்று காரணம் சொல்வார்கள். அந்தப் பாலத்தில் நெல் லாரி போகிறது.

இரவு இரண்டு மணிக்கு மூன்று அதிகாரங்கள்

மாக்ஸ் வெபர் என்றதும் மாணவர்கள் புராட்டஸ்டண்ட் அறநெறி, முதலாளியம் என்று எழுதத் தொடங்குகிறார்கள். நல்ல புத்தகம்தான், கண்மாய்க்கரையில் அதற்கு வேலை குறைவு. வெபரிடம் நீங்கள் கடன் வாங்க வேண்டியது அதிகாரத்தைப் பற்றிய பகுப்பை. ஒருவன் சொல்வதை மற்றவர்கள் ஏன் கேட்கிறார்கள்? பரம்பரை வழக்கம் என்பதால் கேட்கலாம், சட்டமும் பதவியும் இருப்பதால் கேட்கலாம், அந்த ஆளிடம் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்பதால் கேட்கலாம். மூன்றாவதற்கு அவர் எடுத்த சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் பொருள் அருட்கொடை. நம் பாடநூல்கள் அதைக் ‘கவர்ச்சி’ என்று மொழிபெயர்த்துச் சினிமா நடிகரோடு சேர்த்துவிட்டன. நம் பாட்டிகளைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்கள்: அருள். ‘அவனுக்கு அருள் வந்துவிட்டது’ என்று நாம் சொல்வதைத்தான் வெபர் ஜெர்மனியில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் கோயில் ஒரு வழக்குக்குப் பிறகு அறநிலையத் துறையின் கீழ் வந்தது. அந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி. கரகம் கட்டி முடித்துவிட்டார்கள். பூசாரி, நல்ல நேரம் போகிறது என்கிறார். அவருடைய தாத்தாவின் தாத்தா இந்தச் சிலைக்குப் பூசை செய்தவர்; அதுதான் அவருடைய பலம். துறை நியமித்த நிர்வாகியான தக்கார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய பலம் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் உத்தரவு. சாமியாடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார், எழவில்லை. “எனக்குக் குறை வைத்துவிட்டீர்கள், வரமாட்டேன்” என்கிறாள் அம்மன், அவர் வாய் வழியாக. பகலில் அவர் மண்வெட்டி பிடிக்கிற கூலியாள். நாட்டாமை வீட்டு வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர். அந்த நாட்டாமை இப்போது அவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “என்ன குறை, தாயே?” என்று கேட்கிறார். தக்காரும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

குறை என்னவென்றால், முளைப்பாரி வீட்டுப் பெண்களுக்கு அந்த ஆண்டு விளக்கெண்ணெய்க்குப் பணம் ஒதுக்கவில்லை. கூட்டத்தில் பெண்கள் அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் தலைக்கட்டு இல்லை. அம்மன் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் எண்ணெய்ப் பணம் வந்தது.

இதை எழுதும்போது மாணவர்கள் இரண்டில் ஒரு குழியில் விழுகிறார்கள். சாமியாடி நடித்தார் என்று எழுதுவார்கள்; இல்லை என்றால் அம்மன் நீதி வழங்கினாள் என்று எழுதுவார்கள். இரண்டும் உங்கள் வேலை இல்லை. அம்மன் இருக்கிறாளா என்று தீர்ப்புச் சொல்ல உங்களிடம் கருவி கிடையாது. அம்மன் பேசியதும் யார் எழுந்தார்கள், யார் அமர்ந்தார்கள், எவ்வளவு பணம் கைமாறியது என்பதற்குக் கருவி உண்டு. பெரியார் வாசகர்களான என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். பெரியாருடைய கேள்வி இது சரியா, இருக்கலாமா என்பது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பாதிக் கதவுகள் திறந்திருக்காது. நம் கேள்வி அதற்கு முந்தியது: இது இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது? களத்தில் நிற்கும்போது இதைக் கேளுங்கள். பெரியாருடைய கேள்வியைக் கேட்க வேறு மேடை இருக்கிறது.

என் அப்பத்தாவிடம் நான் ஒருமுறை ஏன், ஏன் என்று துளைத்தெடுத்தேன். ஏன் ஒன்பது தானியம், ஏன் இருட்டறை, ஏன் கும்மி? அவள் ஓட்டில் பரப்பிய எருவின்மேல் ஊறிய பயறைத் தூவிக்கொண்டே, “கேட்டுக்கொண்டே இருந்தால் எப்போது முளைக்கும்?” என்றாள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ‘எப்படி’ என்று கேளுங்கள். செய்துகாட்டிக்கொண்டே ஏன் என்பதையும் சொல்லிவிடுவார்கள்.

கிடாயின் தலை யாருக்கு?

மார்க்ஸ் மதத்தை அபின் என்றார். எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அதை எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயது, 1844-ல் அச்சானது. அந்தக் காலத்தில் அபின் வலி மருந்தாகவும் கடையில் விற்றது. அதே பத்தியில், மதம் துன்பத்தின் வெளிப்பாடு மட்டுமல்ல, துன்பத்துக்கு எதிரான முறையீடும் கூட என்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு வேலையையும் பங்கையும் எண்ணுங்கள்.

ஒரு பக்கத்தில் வேலை: அம்மன் வரும் பாதையில் மாத்துத் துணி விரித்த வண்ணார், சட்டியும் குதிரையும் செய்த வேளார், இரவு முழுக்கப் பறை அடித்தவர்கள், பந்தல் போட்டவர்கள், முளைப்பாரி வளர்த்தவர்கள். எதிரே அவர்களுக்குக் கிடைத்தது: எத்தனை படி அரிசி, கிடாயில் எந்த உறுப்பு, எத்தனை ரூபாய், யார் கையால், எந்த இடத்தில் நிற்க வைத்து. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரே அரிசியைத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்கும் துண்டை விரிக்கச் சொல்லிக் கொட்டுவதற்கும் இடையில்தான் உங்கள் ஆய்வேடு இருக்கிறது.

எங்கள் ஊரில் பறை அடித்துவந்த குடும்பங்கள் 1990-களின் இறுதியில் ஒரு பங்குனியில் அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள், துண்டு விரிக்க வெட்கப்படுகிறார்கள் என்றார் அவர்களில் பெரியவர். ஊர் கொதித்தது. மதுரையிலிருந்து ஒரு குழுவைப் பணம் பேசி அழைத்துவந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, பயணப்படி, நாற்காலி. பெரியவர் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதி மாறுகிற இடத்தில் அவர் விரல்கள் முழங்காலில் தட்டின. மறுப்பும் பக்தியும் ஒரே உடம்பில் இருக்கும் என்று எந்த அட்டவணையிலும் காட்ட முடியாது. குறிப்பேட்டில் எழுதலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வளைகுடாவிலும் சம்பாதித்தவர்கள் பங்குனிக்கு வருகிறார்கள். அவர்கள் கொடுத்த டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று போட்ட பெயர், லைட்டைவிடப் பெரிதாக இருக்கும். பரிவட்டம் பழைய குடும்பத்துக்கு, ஃபிளெக்ஸ் புதுப் பணத்துக்கு என்று எங்கள் ஊரில் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

நோட்டீஸ் சேகரியுங்கள்

காலப்போக்கில் என்ன மாறியது என்று அறியச் செலவில்லாத வழி, பழைய திருவிழா நோட்டீஸ்களைத் தேடுவது. சாமி படத்துக்குப் பின்னால், பஞ்சாங்கத்துக்குள், மளிகைக் கடைச் சுவரில் கிடைக்கும். என்னிடம் 1978, 1996, 2019 மூன்றும் இருக்கின்றன. முதலாவது ரோஸ் தாளில் ஒரே பக்கம். ‘கிடாவெட்டு’ நடுவில் தடித்த எழுத்தில். கீழே ‘இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்’. இரண்டாவதில் மாரியம்மனுக்கு முன்னால் ‘அருள்மிகு’ சேர்ந்திருக்கிறது. மூன்றாவதில் யாகசாலை, 108 திருவிளக்குப் பூஜை, சிறப்பு அலங்காரம், நாற்பத்திரண்டு பாஸ்போர்ட் முகங்கள். கிடாவெட்டு அச்சில் இல்லை. நடக்கிறது, ஆனால் கோயிலுக்குப் பின்னால், விடியுமுன்.

சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1952-ல் குடகு மக்களின் மதத்தைப் பற்றி எழுதியபோது, கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதி வழக்கங்களை எடுத்துக்கொண்டு படி ஏற முயல்வதற்குச் சமஸ்கிருதமயமாக்கம் என்று பெயரிட்டார். என் மூன்று நோட்டீஸ்களும் அவருக்குச் சாட்சி சொல்வது போலத்தான் இருக்கின்றன. ஆனால் அவசரப்படாதீர்கள். 2003-ல் தமிழக அரசு, 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தது. 2004 தொடக்கத்தில் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டது. தடை இருந்த அந்தச் சில மாதங்களில் எங்கள் ஊரில் பூசணிக்காய் வெட்டினார்கள். தடை போனதும் யாகசாலைக்கு நன்கொடை கொடுத்த அதே வீட்டுக்காரர்தான் முதல் கிடாயைப் பிடித்துவந்தார். மனிதர்கள் ஒரு கையால் ஏணி பிடித்து ஏறும்போது இன்னொரு கையை எடுத்த இடத்திலேயே வைத்திருப்பார்கள்.

வேறு மத விழாவை எடுக்கிறவர்களுக்கும் இதே வழிதான்: சந்தனக்கூடு என்றால் கூட்டை யார் தொட்டுத் தூக்குகிறார்கள், தேர்பவனி என்றால் எந்தத் தெருவில் திரும்புகிறது. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு கூடமாகப் பிரித்தே தேவாலயம் கட்டினார்கள்; அன்று அங்கே வரி நோட்டைத் தேட வேண்டியிருந்திருக்காது, சுவரே சொல்லியிருக்கும்.

எழுதும்போது

ஒரு சம்பவத்தை எடுங்கள், உதாரணமாக அந்த இரண்டு மணி இரவு. அதை மூன்று முறை எழுதுங்கள். ஒருமுறை துர்கைம் கேட்டால், ஒருமுறை வெபர் கேட்டால், ஒருமுறை மார்க்ஸ் கேட்டால். மூன்றும் பொருந்தாத இடம் ஒன்று மிஞ்சும். எனக்கு அது பாலத்தில் தட்டிய விரல்கள். உங்கள் முடிவுரை அதிலிருந்து தொடங்கட்டும். மூவரில் யார் வென்றார் என்று எழுதினால் நான் சிவப்பு மையில் அடித்துவிடுவேன்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர், தெருப்பெயர் மாற்றுங்கள். நான் முதல் கட்டுரையில் மாற்றவில்லை. அதன் நகல் ஒன்று எப்படியோ ஊருக்கு வந்து, அப்பா இரண்டு பங்குனிக்குக் கோயில் பக்கமே போகவில்லை. கூட்டத்தில் யாரோ, “உன் மகள்தான் எழுதிவிட்டாளே” என்றார்களாம். நீங்கள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்கு நோட்டைக் காட்டிய தாத்தா அதே ஊரில்தான் இருப்பார்.

நோட்டைப் பற்றி இன்னும் ஒன்று. சென்ற ஆண்டு கணக்கு முடிப்புக்குப் போயிருந்தேன். பேச்சுவார்த்தை, தாசில்தார் முன்னிலையில் ஒப்பந்தம் எல்லாம் முடிந்து, காலனியிலும் வரி வாங்குவது என்று முடிவாகி மூன்றாவது ஆண்டு அது. வாசித்த மொத்தத் தொகையில் காலனிப் பணமும் சேர்ந்திருந்தது. நான் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கிழக்குத் தெரு, மேலத் தெரு, நடுத் தெரு. அப்புறம் வெற்றுத் தாள்கள். பணம் வந்திருக்கிறது, பெயர்கள் எங்கே என்று கணக்குப் பிள்ளையைக் கேட்டேன். அவர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து, தலைகீழாகத் திருப்பி, பின்னட்டையிலிருந்து திறந்துகாட்டினார். அங்கே ஒரு பிள்ளையார் சுழி, தனியாக ‘மாரியம்மன் துணை’, 94 தலைக்கட்டு.

நீங்கள் பார்க்கும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் திறந்து பாருங்கள்.